1958 மொறிஸ் மைனர்: எஞ்சினுக்குப் பச்சையா, பொன்னிறமா?

கல்லடி மைனர்
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 காரைத் திரும்ப ஓடவைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். 1958ஆம் ஆண்டுக் கார், கறுப்பு, நாலு கதவு, ஸ்ரீ இலக்கத் தகடு. 1978 சூறாவளியில் மாமரக் கொப்பு விழுந்து கூரை நெளிந்தது. அதை அப்பாவே தட்டி நிமிர்த்தினார். 2004இல் கடல் வந்தபோது கார் களுவாஞ்சிகுடியில் மாமா வீட்டில் நின்றதால் தப்பியது. நாங்கள் தப்பியது வேறு கதை.

எஞ்சினைக் கழற்றிக் கராச்சில் மரக்கட்டைகளுக்கு மேல் வைத்திருக்கிறேன். பிஸ்டன் றிங், பெயரிங் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பூட்டுவதற்கு முதல் பெயின்ற் அடிக்க வேண்டும். இப்போது இருப்பது சில்வர். இணையத்தில் ஓரிடத்தில் பச்சை என்கிறார்கள், இன்னோரிடத்தில் சாம்பல் என்கிறார்கள். பெயின்ற் கடையில் கேட்டால், "எஞ்சினுக்கு எப்பவும் சில்வர்தான் தம்பி" என்று சொல்லி ஒரு டின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்கள். தொழிற்சாலையில் அடித்த நிறம்தான் எனக்கு வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று வேகம்
ஓரஞ்ச் அடியுங்க அண்ணன். அமெரிக்காக்காரர்களின் வீடியோ எல்லாவற்றிலும் ஓரஞ்ச்தான். பொனற்றைத் திறந்தால் சும்மா பளிச்சென்று இருக்கும்.

பழைய ஸ்பானர்
தம்பி அக்கரைப்பற்று, அந்த ஓரஞ்ச் செவ்ரலேற் வி8 எஞ்சினுடையது. கிரைஸ்லரின் ஹெமி எஞ்சினுக்கும் ஓர் ஓரஞ்ச் உண்டு, அது வேறு ஓரஞ்ச். அமெரிக்க ஃபோர்ட் 1966இல் இருந்து நீலம். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு நிறம் இருந்தது. அந்தக் காலத்தில் பொனற்றைத் திறந்தவுடன் யாருடைய எஞ்சின் என்று நிறத்திலேயே சொல்லலாம். மைனருக்கு ஓரஞ்ச் அடித்தால் வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டது மாதிரி.

கல்லடித் தம்பி, 1956இல் வந்த 948 சிசி எஞ்சினுக்கும் 1962இல் வந்த 1098 சிசி எஞ்சினுக்கும் மைனரில் கடும் பச்சைதான். இரண்டும் மொறிஸைச் செய்த பிஎம்சி கம்பனியின் ஏ-சீரிஸ் எஞ்சின்கள். ஆனால் எஞ்சின் குடும்பத்தை மட்டும் பார்த்து நிறம் சொல்ல முடியாது. பி-சீரிஸ் எஞ்சினைப் பாருங்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் அது பச்சை. அதே குடும்பத்து எஞ்சின் எம்ஜிபி காருக்குள் போனால் மறூன் கலந்த சிவப்பு. 1970களில் வந்த எம்ஜிபியில் கறுப்பு. எந்தக் கார், எந்த ஆண்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதனால் டின் வாங்க ஓடாதீர்கள். முதலில் உங்கள் எஞ்சினிடமே கேளுங்கள். அந்தச் சில்வருக்குக் கீழே என்ன இருக்கிறது?

வாவிக்கரை
என் பீட்டில் கதையைச் சொல்லவா? ஒரு மெக்கானிக் எஞ்சின் கூடு முழுக்கச் சில்வர் அடித்துத் தந்தார். பிறகுதான் தெரிந்தது, வொக்ஸ்வாகன் அந்தக் கூட்டுக்குப் பெயின்ற் அடிக்கவே இல்லை. மக்னீசியக் கலவை, வார்த்தபடியே வெறும் உலோகம். சுற்றியிருக்கும் காற்றுத் தகடுகளுக்கு மட்டும் கறுப்பு. அடித்த சில்வரைச் சுரண்ட எனக்கு இரண்டு மாதம் போனது. அடிக்காமல் விட வேண்டிய இடமும் இருக்கும், அதையும் கேட்டு வையுங்கள்.

கல்லடி மைனர்
நன்றி ஐயா, நன்றி அக்கா. எங்கே சுரண்டிப் பார்க்க வேண்டும்? சம்பின் (அடியில் இருக்கும் ஒயில் தொட்டியின்) பக்கத்தில் சுரண்டினேன், கறுப்புத்தான் வருகிறது.

பழைய ஸ்பானர்
அது பெயின்ற் இல்லை, அறுபது வருஷத்து ஒயில். மேற்பரப்பை நம்பவே கூடாது. சூடும் ஒயிலும் சேர்ந்தால் பச்சை கறுக்கும், சாம்பல் மஞ்சளாகும். வெயிலும் கையும் படாத இடம் வேண்டும். டைனமோ பிராக்கெற் புளொக்கோடு, அதாவது எஞ்சினின் இரும்பு உடலோடு, ஒட்டும் இடம், எஞ்சின் மவுண்ட் தகட்டின் பின்பக்கம், தப்பற் மூடிகளின் ஓரம், எஞ்சின் இலக்கத் தகட்டைச் சுற்றி. மைனரில் அந்தத் தகடு புளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே இருக்கும். தகட்டைக் கழற்ற வேண்டாம், அது ஆவணம் மாதிரி. எக்ஸோஸ்ற் மனிஃபோல்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், முதல் மாதமே எரிந்து போயிருக்கும்.

முதலில் மண்ணெண்ணெய் போட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். வயர் பிரஸ் வேண்டாம், பல் துலக்கும் பழைய பிரஸ் போதும். மறுகா 2000 இலக்க வோட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய்க் குத்தியளவு இடத்தை மட்டும் தேயுங்கள். நடுவில் வெறும் இரும்பு தெரியும் வரைக்கும். ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும், மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி. வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போங்கள்.

ரொக்கர் கவரை, அதாவது எஞ்சினின் மேல் மூடியை மட்டும் சாட்சிக்கு எடுக்காதீர்கள். இரண்டு நட்டைக் கழற்றினால் கையில் வரும் சாமான், ஊரில் எத்தனை எஞ்சினுக்கு மாறியிருக்குமோ.

சம்மாந்துறை வயல்காரன்
இடையில் ஒரு கேள்வி, குறை நினைக்க வேண்டாம். எங்கள் வாப்பாவின் பழைய 35 ட்ரக்டரில் சிவப்பைச் சுரண்டினால் சாம்பல், எஞ்சினைச் சுரண்டினால் செம்பும் பொன்னும் கலந்த ஒரு நிறம். யாரோ விளையாட்டுக்கு அடித்தது என்று நினைத்து இருந்தேன். அதுவும் தொழிற்சாலை நிறமா காக்கா?

பழைய ஸ்பானர்
தம்பி, வயலுக்குள் புதையல் வைத்திருக்கிறீர்கள். அது சிவப்பு மஸ்ஸி ஃபெர்குசன் இல்லை, அதற்கு முந்தின ஃபெர்குசன் எஃப்ஈ35. 1956இல் வந்தது. தகடெல்லாம் சாம்பல், எஞ்சினும் அடிப்பாகமும் பொன்-செம்பு நிறம். 1957 கடைசியில்தான் சிவப்பும் சாம்பலுமாக மாற்றினார்கள். அதற்கு முந்தின சின்ன ட்ரக்டர் டிஈ20 தலையில் இருந்து கால்வரை சாம்பல். யாருக்கும் விற்றுவிடாதீர்கள், நான் ஒரு நாள் வந்து பார்க்கிறேன்.

சம்மாந்துறை வயல்காரன்
வாங்க காக்கா. சோறு தருகிறேன். சிவப்பு அடித்த பாவம் என் தலையில் இல்லை, மூத்தவர் தலையில்.

கல்லடி மைனர்
மூன்று இடத்தில் தேய்த்துப் பார்த்தேன், படம் போட்டிருக்கிறேன். டைனமோ பிராக்கெற்றுக்குப் பின்னால்: சில்வர், அதற்குக் கீழே பொன்னிறம், அதற்குக் கீழே இரும்பு. மவுண்டுக்குப் பின்னால்: நேராகப் பொன்னிறம், பிறகு இரும்பு. சம்பிலும் அதே. பச்சை எங்கேயும் இல்லை. சில்வர்க் கடைக்காரரே பரவாயில்லை போலிருக்கிறது. ட்ரக்டர்க் கதையைக் கேட்டுவிட்டு என் எஞ்சினும் பொன்னாகிவிட்டதா?

அக்கரைப்பற்று வேகம்
யாரோ கலியாணத்துக்குக் கார் சோடிக்கும்போது அடித்திருப்பார்கள்.

டொரன்டோ மட்டக்களப்பான்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி, அது கலியாணப் பொன் இல்லை, பிஎம்சி பொன். கோல்ட் சீல் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலை முழுதாகப் புதுப்பித்த எஞ்சினை வாங்கும் திட்டம். அப்படி வந்த எஞ்சின்களுக்கு அடையாளமாகப் பொன்னிறம் அடித்தார்கள். அதைவிட ஒரு படி கீழான, மலிவான வகைக்குச் சில்வர் சீல் என்று பெயர், அதற்குச் சில்வர். காருடன் பிறந்த எஞ்சின் இது இல்லை. வாகனப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் தகட்டையும் ஒத்துப் பாருங்கள்.

அக்கரைப்பற்று வேகம்
அப்படியென்றால் மேலே இருக்கும் சில்வர், சில்வர் சீலா? இரண்டு தரம் மாறியதா?

பழைய ஸ்பானர்
நல்ல கேள்விதான், ஆனால் இல்லை. படத்தில் பாருங்கள். சில்வர் இலக்கத் தகட்டுக்கு மேலே ஏறியிருக்கிறது, தண்ணீர்க் குழாயின் றப்பரிலும் பட்டிருக்கிறது. பிரஸ் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. டைனமோவுக்குப் பின்னால் ஓரத்தோடு நின்றுவிட்டது, மவுண்டுக்குப் பின்னால் போகவே இல்லை. அதாவது எஞ்சின் காரில் இருக்கும்போதே அலுமினியப் பெயின்றைக் கையால் பூசியிருக்கிறார்கள். நம்மூர்க் கராச்சுகளில் அப்படித்தான். ஓவர்ஹோல் செய்தோம் என்று காட்ட ஒரு சில்வர், விற்பதற்கு முதல் ஒரு சில்வர். நானும் அடித்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

பொன்னிறம் அப்படி இல்லை. மெல்லிசாக, சீராகத் தெளித்தது. மவுண்டின் பின்பக்கம்கூட இருக்கிறது, அதனால் எஞ்சின் காருக்குள் போவதற்கு முன்பே அடித்தது. டொரன்டோத் தம்பி சொல்வது சரி. எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இப்படி இரண்டு மூன்று பொன் எஞ்சின் பூட்டியிருக்கிறேன், பார்த்தவுடன் ஞாபகம் வரவில்லை.

கல்லடி மைனர்
புத்தகத்தில் உள்ள இலக்கம் வேறு, தகட்டில் உள்ளது வேறு. தகட்டில் கடைசி எழுத்து எல்.

டொரன்டோ மட்டக்களப்பான்
எல் என்றால் குறைந்த அமுக்கம், எச் என்றால் கூடின அமுக்கம். பெற்றோலின் தரம் குறைந்த நாடுகளுக்கு எல் அனுப்புவது வழக்கம். இலக்கம் மாறியிருப்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தைத் திருத்திவிடுங்கள். பெயின்றைவிட அது அவசரம்.

நிறத்துக்கு வருவோம். என் வாக்கு பச்சைக்கு. உங்கள் கார் ஒக்ஸ்ஃபோர்டில் கௌலித் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது பொனற்றுக்குக் கீழே பச்சை இருந்தது. இங்கே கண்காட்சிகளில் நடுவர்கள் பார்ப்பதும் அதைத்தான். கார் பிறந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி.

பழைய ஸ்பானர்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பச்சை அடித்தால் பார்ப்பவன் என்ன நினைப்பான்? கூடப் பிறந்த எஞ்சின் என்று நினைப்பான். அது இல்லையே. பொன்னும் தொழிற்சாலை அடித்த நிறம்தான், கடையில் அடித்தது இல்லை. இந்த இரும்புக்குச் சரியான நிறம் பொன். எங்கள் நாட்டில் 1970களில் கார் இறக்க விடவில்லை, சாமான் இல்லை. ஒரு காரைப் பிரித்து இரண்டு காரை ஓட்டினோம். பிறகு நிசான் சனி எஞ்சினை மைனருக்குள் வைத்தார்கள். அந்தக் காலத்தைத் தாண்டி ஒரு கோல்ட் சீல் எஞ்சின் அப்படியே நிற்கிறது. அதைப் பச்சைக்குள் ஒளிக்கச் சொல்கிறீர்களே.

வாவிக்கரை
இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறீர்கள். தம்பி, அம்மா இருக்கிறாரா? எஞ்சின் மாற்றியதை அவரிடம் கேட்டீர்களா?

கல்முனை கலவை
இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் வாகனப் பெயின்ற் கலக்கும் வேலை செய்பவன். எந்த நிறம் என்பது உங்கள் பாடு, அதை எப்படி எடுப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

மாதிரியைச் சுரண்டித் தூளாகக் கொண்டுவராதீர்கள், தூளுக்கு நிறம் இல்லை. தேய்த்த இடத்தை ரப்பிங் கொம்பவுண்ட் போட்டு மினுக்கி, அந்தச் சாமானையே கொண்டுவாருங்கள். அளக்கும் கருவிக்கு நகத்தளவு சுத்தமான பரப்பு போதும். ஆனால் கருவி சொல்வது தொடக்கம்தான், முடிவைக் கண்தான் சொல்லும். கலந்ததை ஒரு தகட்டில் அடித்து, காய்ந்த பிறகு மாதிரியோடு பக்கத்தில் வைத்துக் காலை வெயிலில் பாருங்கள், மறுபடி கடைக்குள் டியூப் லைற்றில் பாருங்கள். வெயிலில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பச்சை டியூப் லைற்றில் அண்ணன் தம்பி மாதிரி வேறாகத் தெரியும். ஈரப் பெயின்றை வைத்து ஒருநாளும் முடிவெடுக்காதீர்கள்.

பொன்னிறம் இன்னும் கஷ்டம். அதற்குள் உலோகத் தூள் இருக்கிறது. பெயின்ற் தெளிக்கும் துப்பாக்கியைக் கிட்டப் பிடித்தால் கறுக்கும், எட்டப் பிடித்தால் வெளிறும். கையால் பூசினால் கோயில் கேற் மாதிரித்தான் வரும்.

பிரித்தானிய நியம அட்டை 381சியில் பிரன்சுவிக் பச்சை மூன்று வகை, பிரொன்ஸ் பச்சை தனியாக. மைனர் பச்சைக்கு யாராவது அதில் ஓர் இலக்கம் சொன்னால் அதைக் கிட்டத்தட்ட என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு? இந்தச் சின்ன எஞ்சினுக்கு அரை லீற்றர் தாராளம்.

கல்லடி மைனர்
இதை முதலே வாசித்திருக்கலாம். அவசரப்பட்டு ஒரு கடையில் "எஞ்சின் பெயின்ற்" என்று கேட்டு வாங்கிய டின்னைத் தப்பற் மூடி ஒன்றில் அடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் காயவிட்டேன், பார்க்க நன்றாக இருந்தது. காபிரேட்டரில் இருந்து ஒரு சொட்டுப் பெற்றோல் விழுந்தது, விரலால் துடைத்தேன், பெயின்ற் விரலோடு வந்துவிட்டது. லேபிளை உரித்துப் பார்த்தால் கீழே வேறு லேபிள், கேற்றுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற இனாமல்.

கல்முனை கலவை
அதனால்தான் பெற்றோல் சோதனை செய்யச் சொல்வது. தகட்டில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பெற்றோல் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். மெதுமையாகினால் அந்த டின் கேற்றுக்குத்தான். சூடு பெரிய பிரச்சினை இல்லை. தண்ணீர் ஓடுகிற புளொக் 80, 90 பாகைதான். நல்ல எஞ்சின் இனாமல் அதைவிடக் கூடத் தாங்கும். மனிஃபோல்ட்தான் பல நூறு பாகை போகும், அதற்குத் தனிப் பெயின்ற், அல்லது வெறும் இரும்பாகவே விடுங்கள். பிரேக் ஒயில் மட்டும் எந்தப் பெயின்றிலும் சிந்தக் கூடாது.

பழைய ஸ்பானர்
அடிப்பதைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். கல்லடியில் இருப்பதால் உங்களுக்குக் கடற்காற்று. இரும்பைத் தேய்த்து வெளியே வைத்தால் சோறு தின்று கை கழுவ முதல் கறள் பூக்கும். அதனால் தேய்ப்பது, தின்னரால் துடைப்பது, பிறைமர் அடிப்பது மூன்றையும் ஒரே மூச்சில் முடியுங்கள். தின்னருக்கு முதல் நல்ல தண்ணீரில் கழுவி, சுடுகாற்றில் உலர்த்துங்கள். உப்பு தின்னரில் கரையாது.

மாரியில் தொடாதீர்கள். கார்த்திகை மார்கழியில் அடித்தால் ஈரத்தில் வெள்ளை பூக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் காய்வது நன்றாகக் காயும், ஆனால் பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பினால் தெருப் புழுதி எல்லாம் உங்கள் எஞ்சினில். விடியக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். தடிப்பாக ஒரு பூச்சு அடிக்காமல் மெல்லிசாக மூன்று அடியுங்கள்.

தொழிற்சாலையில் எஞ்சினைப் பூட்டிய பிறகுதான் தெளித்தார்கள். கஸ்கெற் ஓரத்திலும் போல்ட் தலையிலும் பெயின்ற் பட்டிருக்கும். ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாக மினுக்கிப் பூட்டினால் அது நகைக் கடை. ஆனால் ஏர்த் வயர் பூட்டும் இடத்தை மறைத்துவிடுங்கள். அங்கே பெயின்ற் ஏறினால் ஸ்ராட்டர் இழுக்காமல் மூன்று நாள் பற்றறியைத் திட்டுவீர்கள். எனக்கு நடந்தது.

கல்லடி மைனர்
அம்மாவிடம் கேட்டேன். இத்தனை நாளும் ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. "ஓம், கொழும்பில இருந்து ரயிலில வந்தது, பெட்டிக்குள்ள. கொப்பா ஸ்ரேசனுக்கு மாட்டு வண்டில் கொண்டுபோனார்" என்றார். அலுமாரிக்குள் அப்பாவின் கோவையில் பில்லும் இருக்கிறது. 1969. கையெழுத்தில் கோல்ட் சீல் என்றே எழுதியிருக்கிறது. பழைய எஞ்சினில் புளொக் வெடித்துவிட்டதாம், பதுளை வீதியில் தண்ணீர் இல்லாமல் ஓடி.

இன்னொன்றும் சொன்னார். "மேல் மூடியை மட்டும் கொப்பா குடுக்கல்ல. புதிசில வந்த மூடி ரயிலில நசுங்கிப் போச்செண்டு பழசைப் பூட்டினவர்."

ஸ்பானர் ஐயா ரொக்கர் கவரைச் சாட்சிக்கு எடுக்க வேண்டாம் என்றதால் நான் அதைத் தொடவே இல்லை. இன்று ஒயில் மூடியைக் கழற்றி, அதன் விளிம்புக்குக் கீழே தேய்த்தேன். சில்வர், பிறகு பச்சை. பொன் இல்லை.

டொரன்டோ மட்டக்களப்பான்
தம்பி! அதுதான் கௌலிப் பச்சை. படம் போடுங்கள், உடனே.

பழைய ஸ்பானர்
சரி, தோற்றேன். சாட்சியைக் கூட்டில் ஏற விடாமல் நான்தான் தடுத்திருக்கிறேன்.

கல்முனை கலவை
மூடியை மினுக்கிக் கொண்டுவாருங்கள். ஞாயிறு மட்டும் கடை பூட்டு.

கல்லடி மைனர்
ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். புளொக், ஹெட், சம்ப் எல்லாம் பொன்னிறம், ரொக்கர் கவர் மட்டும் பச்சை. அப்பா 1969இல் பூட்டியபடி. மவுண்டுக்குப் பின்னால் இருந்த பழைய பொன்னை ஒட்டுத் தாள் ஒட்டி மறைத்து அப்படியே விட்டிருக்கிறேன். நேற்றுக் காலை ஸ்ராட் பண்ணினோம். பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இருபது நிமிடம். புதுப் பெயின்ற் காயும் புகையில் பக்கத்து வீட்டு அக்கா வாளியில் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார்.

டொரன்டோ மட்டக்களப்பான்
அழகாக இருக்கிறது. ஆனால் நடுவர்கள் புள்ளி வெட்டுவார்கள், இப்போதே சொல்லிவிட்டேன். பச்சையும் பொன்னும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கல்லடி மைனர்
போட்டிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லை அண்ணன். அம்மாவை வைத்துக்கொண்டு களுவாஞ்சிகுடி போய்வர வேண்டும், அவ்வளவுதான். இப்போது ரொக்கர் கவர் நட்டுக்குக் கீழே போடும் றப்பர் இரண்டிலும் ஒயில் கசிகிறது. யாரிடமாவது நல்ல றப்பர் இருக்கிறதா?

சம்மாந்துறை வயல்காரன்
என்னிடம் ட்ரக்டர் றப்பர்தான் இருக்கிறது. கொண்டுவரவா?